சிந்திய தேத்தண்ணி எங்கே போகிறது?

ஒரு கோப்பை பிளேன்டியில் அரைத் தேசிக்காயைப் பிழியுங்கள். செம்பழுப்பு வெளிறிப் பொன்னிறமாகும். இன்னொரு கோப்பையில் ஒரு சிட்டிகை அப்பச்சோடா போடுங்கள். கறுத்துப்போகும். இரண்டுமே ஒரே கேத்தலில் இருந்து ஊற்றிய தேத்தண்ணிதான். தேயிலையின் நிறமிகள் அமிலத்தில் வெளிறும், காரத்தன்மையில் அடரும். உடுப்புச் சவர்க்காரமும் சலவைத் தூளும் காரத்தன்மை உள்ளவை. சோபாவில் தேத்தண்ணி சிந்தியதும் சவர்க்காரத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்து தேய்த்தால், கறை முன்னைவிடக் கறுப்பாகத் தெரிவது இதனால்தான்.

பேராதனையிலிருந்து கம்பளைக்குப் போகும் ஏ-5 வீதியில், மகாவலியை ஒட்டியபடி இருக்கிறது கெலிஓயா. ஆற்றுக்கு அக்கரையில் ஹந்தானை மலைத்தொடர். இந்தப் பக்கத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் உட்கார்ந்த கையோடு தேத்தண்ணி வந்துவிடும். வேண்டாம் என்றாலும் வரும். அது வந்து சேரும் இடம் பெரும்பாலும் வீட்டிலேயே விலை கூடிய தளபாடமான சோபாவுக்கு முன்னால். பக்கத்தில் ஒரு சிறுபிள்ளை இருந்தால் மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை. நோன்புப் பெருநாள் அன்றோ, சித்திரைப் புத்தாண்டு அன்றோ ஒரே சோபாவில் அடுத்தடுத்து எத்தனை பேர் உட்கார்ந்து எழும்புகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால், அது இவ்வளவு காலம் தாங்குவதே பெரிய காரியம்.

சோபாவைக் காப்பாற்றும் வழிகளைச் சொல்லும் முன் கறை எப்படி உண்டாகிறது என்பதைப் பார்த்துவிடலாம். அதைப் பார்க்க இங்கிருந்து அதிக தூரம் போக வேண்டியதில்லை. கண்டி மாவட்டத்தின் லூல்கந்துரையில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்டதிலிருந்துதான் இலங்கையின் வணிகத் தேயிலை தொடங்குகிறது. ஹந்தானையில் 1925இல் கட்டிய தொழிற்சாலை இன்று தேயிலை அருங்காட்சியகம். கொழுந்தைக் கசக்கிய பழைய உருட்டு இயந்திரங்கள் அங்கே இருக்கின்றன. பச்சைக் கொழுந்தில் கறை பிடிக்கும் அந்தச் சிவப்பு கிடையாது. நிறமில்லாத கேட்டகின் என்னும் சேர்மங்கள் இலைக் கலத்தின் ஓர் அறையிலும், அவற்றை மாற்றக்கூடிய நொதி இன்னோர் இடத்திலும் தனித்தனியே இருக்கும். வாட்டிய கொழுந்தை இயந்திரம் கசக்கும்போது கலங்கள் கிழிந்து, சாறும் நொதியும் காற்றும் ஒன்று சேர்கின்றன. கேட்டகின்கள் ஒன்றோடொன்று பிணைந்து முதலில் செம்மஞ்சளான தேஃப்ளேவினாகவும், பிறகு செம்பழுப்பான தியருபிஜினாகவும் மாறும். போதும் என்ற கட்டத்தில் சூடான காற்றில் உலர்த்தி மாற்றத்தை நிறுத்துகிறார்கள்.

அப்படியானால் தொழிற்சாலையில் உற்பத்தியாவது என்ன? வெந்நீரில் உடனே கரைந்து, எதையாவது இறுகப் பிடித்துக்கொள்ளும் நிறமி. தேத்தண்ணி குடித்த பிறகு நாக்கு துவர்ப்பதற்குக் காரணம், உமிழ்நீரில் உள்ள புரதத்தை அவை பிடிப்பது. கோப்பையின் உட்புறத்தில் படியும் பழுப்பும் அந்தப் பிடியின் வேலைதான். சோபாத் துணி பருத்தி என்றால் அதன் இழை முழுக்கச் செலுலோஸ். செலுலோஸில் வரிசையாக நிற்கும் ஒட்சிசன்-ஐதரசன் இணைகள் நீரையும் இழுக்கும், தேயிலை நிறமியையும் இழுக்கும். சிந்திய தேத்தண்ணி துணிக்கு ஒரு சாயத்தொட்டி. சாயக்காரர் வேண்டுமென்று செய்வதை நாம் வேண்டாமல் செய்துவிடுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

துணிக்குள் நீர் போகும் விதத்தில்தான் சுவாரஸ்யம் இருக்கிறது. இழைகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகள் நீரை உறிஞ்சும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் இதே விசையால்தான். எட்வர்ட் வொஷ்பர்ன் 1921இல் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார்: நீர் உள்ளே போகும் தூரம் நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. முதல் ஒரு செக்கனில் போன தூரத்தைப் போல் இரண்டு மடங்கு போக நான்கு செக்கன் வேண்டும், மூன்று மடங்கு போக ஒன்பது செக்கன். தொடக்கத்தில் பாய்ந்து, போகப்போகச் சோம்பும். ஆகவே துவாயைத் தேடி அல்மாரியைத் திறக்கும் அந்த அரை நிமிடத்தில் பாதி வேலை முடிந்துவிடுகிறது. சூடும் சேர்ந்தால் இன்னும் வேகம். 20 பாகை செல்சியஸில் இருக்கும் நீரோடு ஒப்பிட்டால் 80 பாகையில் அதன் பாகுத்தன்மை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆறிய தேத்தண்ணியைவிடக் கொதித்த தேத்தண்ணி கெட்டது என்று கிழவிகள் சொல்வதில் பௌதிகம் இருக்கிறது.

அதே உறிஞ்சலை நம் பக்கம் திருப்பவும் முடியும். காய்ந்த, அடர்ந்த இழையுள்ள பருத்தித் துணியை ஈரத்தின் மேல் வைத்து அழுத்தினால், அகன்ற இடைவெளியில் இருக்கும் நீர் குறுகிய இடைவெளிக்குத் தாவும். சோபாத் துணியின் ஈரம் துவாய்க்கு ஏறிவிடும். துவாயின் காய்ந்த பக்கத்தை மாற்றி மாற்றி, உடம்புப் பாரம் முழுவதையும் உள்ளங்கையில் கொடுத்து அழுத்த வேண்டும். தேய்ப்பது வேறு. தேய்த்தால் நீர் பக்கவாட்டில் பரவும், ஆழமாகவும் இறங்கும், இழையின் மேற்பரப்பும் பிசிறிடும். பிசிறிய இடம் கறை போன பிறகும் வெளிச்சத்தை வேறு விதமாகத் தெறித்து, அங்கே ஏதோ இருப்பதுபோலவே காட்டும். வெல்வெட் சோபாக்களில் இது கண்கூடு. கறை எப்போதோ போயிருக்கும், தேய்த்த தடம் மட்டும் நிற்கும்.

ஒற்றிய பிறகு குளிர்ந்த நீரில் கொஞ்சம் வினாகிரி கலந்து துணியில் தொட்டு ஒற்றலாம். பிளேன்டிக்கு இது சரி. பால்தேத்தண்ணி என்றால் எடுத்தவுடன் வினாகிரியோ தேசிக்காயோ கூடாது. பாலின் கேசீன் புரதம் அமிலத்தில் திரிந்து இழைக்குள்ளேயே கட்டியாகிவிடும். பாத்திரம் கழுவும் திரவத்தில் ஓரிரு துளியைக் குளிர்ந்த நீரில் கலந்து பாலின் கொழுப்பையும் புரதத்தையும் முதலில் எடுத்துவிட்டு, மிஞ்சிய பழுப்புக்குத்தான் அமிலம். ஒரு விசித்திரம் என்னவென்றால், பால் சேர்ந்த தேத்தண்ணியின் நிறம் பிளேன்டியின் அளவுக்குத் துணியில் ஏறாது. துணியைப் பிடிக்க வேண்டிய நிறமியில் ஒரு பகுதியைக் கேசீன் முன்கூட்டியே பிடித்து வைத்திருக்கிறது. ஆனால் நிறத்தில் மிச்சம் பிடித்ததை நாற்றத்தில் கொடுத்துவிடுவோம். இரண்டு நாளில் புளித்த வாடை வரும், சீனிக்கு எறும்பும் வரும்.

நன்றாக ஒற்றி எடுத்த பிறகும் மறுநாள் காலையில் அங்கே ஒரு வளையம் நிற்கும். நடுவில் சுத்தம், ஓரத்தில் பழுப்புக் கோடு. பலருக்கும் இது மர்மமாகத்தான் இருக்கிறது. 1997இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் ரொபர்ட் டீகனும் அவருடைய சகாக்களும் காய்ந்த கோப்பித் துளியின் விளிம்பு மட்டும் ஏன் கறுக்கிறது என்று ஆராய்ந்து நேச்சர் இதழில் எழுதினார்கள். துளியின் ஓரம் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு அசையாமல் நிற்கிறது. அங்கேதான் நீர் வேகமாக ஆவியாகிறது. ஆவியான நீரை ஈடுசெய்ய நடுவிலிருந்து நீர் ஓரத்துக்கு ஓடும், போகும்போது கலந்திருக்கும் துகள்களையும் சேர்த்துக் கொண்டுபோய் விளிம்பில் விட்டுவிடும். துணியில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. பரவும் நீர் துணியில் ஏற்கெனவே இருந்த தூசியையும் வியர்வை உப்பையும் கரைத்துத் தன் எல்லைவரை தள்ளிக்கொண்டு போகிறது. வெறும் தண்ணீர் சிந்தினாலும் வளையம் வருவது அதனால்தான். இதற்கு மருந்து, கறை பட்ட இடத்தை மட்டும் நனைக்காமல், தையல் முதல் தையல் வரை அந்தத் துணித்துண்டு முழுவதையும் இலேசாக ஈரத் துணியால் ஒற்றி, மின்விசிறிக்குக் கீழே ஒரே சீராகக் காயவிடுவது. எல்லை தையலோடு போய்விட்டால் கோடு கண்ணில் படாது.

இன்னொரு பிழை மிகவும் சாதாரணமானது. சவர்க்கார நுரையை ஒற்றி எடுக்காமல் அப்படியே காயவிடுவது. நீரைத் துளியாகக் கூட்டி வைத்திருப்பது அதன் மேற்பரப்பு இழுவிசை. அறை வெப்பத்தில் மீற்றருக்கு 72 மில்லிநியூட்டன். சவர்க்காரம் கலந்தால் அது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். துணியில் மிஞ்சிய சவர்க்காரம் அடுத்த முறை சிந்தும் தேத்தண்ணிக்கு வழிவிட்டுக்கொடுக்கும். கழுவிய இடத்திலேயே திரும்பத் திரும்பக் கறை பிடிக்கிறது என்று முறைப்பாடு சொல்பவர்கள், கடைசியில் வெறும் நீரால் ஒற்றி எடுத்தார்களா என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

இனி கறிக்கு வருவோம். தேத்தண்ணிக்குச் சொன்ன எதுவும் இதற்குச் சரிவராது. மஞ்சளின் நிறம் குர்குமின். அது நீரில் கரையாது, எண்ணெயில் நன்றாகக் கரையும். பருப்புக் கறியின் தேங்காய்ப்பாலும் தாளித்த எண்ணெயும் அதற்கு வாகனம். பருத்தியைச் சாயமேற்ற மற்ற பல நிறமிகளுக்குப் படிகாரம் போன்ற துணைப்பொருள் வேண்டும், குர்குமினுக்கு அதுவும் வேண்டாம். பொலியெஸ்டர் சோபாதான் கறைக்கு நல்லது என்று கடைக்காரர் சொல்வது தேத்தண்ணிக்குச் சரி. சாதாரண ஈரக்காற்றில் பருத்தி தன் எடையில் ஏறக்குறைய 8 சதவீதம் நீரைப் பிடித்து வைத்திருக்கும், பொலியெஸ்டர் 0.4 சதவீதம்தான். ஆனால் நீரை வெறுக்கும் அந்த இழை எண்ணெயை விரும்பும். கோழிக்கறி எண்ணெய் பொலியெஸ்டரில் ஒட்டினால் பருத்தியிலிருந்து எடுப்பதைவிடக் கஷ்டம்.

கறி சிந்தினால் முதலில் கரண்டியின் விளிம்பால் வழித்து எடுக்க வேண்டும், வெளியிலிருந்து நடுவை நோக்கி. பிறகு சோளமாவோ பூசும் பவுடரோ தாராளமாகத் தூவி அரை மணி நேரம் விட்டால் எண்ணெயில் ஒரு பங்கை அது குடித்துவிடும். அதன்பிறகே பாத்திரம் கழுவும் திரவம். இந்தக் கட்டத்தில் உடுப்புச் சவர்க்காரம் பட்டால் மஞ்சள் திடீரென்று இரத்தச் சிவப்பாக மாறும். பயப்பட வேண்டியதில்லை. குர்குமின் காரத்தன்மையில் சிவக்கும், வினாகிரி பட்டால் மறுபடி மஞ்சளாகும். பள்ளிக்கூடத்தில் மஞ்சள் தடவிய தாளைச் சுண்ணாம்பு நீரில் முக்கிப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. மிஞ்சிய மஞ்சளுக்கு வெயிலே போதும். குர்குமின் ஒளியில் சிதையும் பொருள். கழற்றக்கூடிய குஷன் என்றால் ஓரிரு நாள் காலை வெயிலில் வைக்க, எந்தப் போத்தல் திரவமும் செய்யாததை அது செய்யும். தேத்தண்ணியை வெயில் இவ்வளவு எளிதில் அழிக்காது.

வட்டிலப்பம் விழுந்தால் கதை இன்னும் சிக்கல். அதில் முட்டை, தேங்காய்ப்பால், கித்துள் கருப்பட்டி மூன்றும் இருக்கின்றன. கருப்பட்டியின் பழுப்பு நீரில் கரைந்து வந்துவிடும். கொழுப்புக்குப் பாத்திரத் திரவம். முட்டைக்குச் சுடுநீர் காட்டவே கூடாது. சூட்டில் புரதம் இறுகும், அது துணிக்குள் இறுகினால் பிறகு நகத்தால் சுரண்ட வேண்டியதுதான். எந்தக் கறைக்கும் குளோரின் ப்ளீச்சைச் சோபாவுக்குக் கொண்டுவராதீர்கள். சாயத்தையும் கொண்டுபோய்விடும். அதோடு வினாகிரி கலந்தால் நச்சு வாயு வேறு கிளம்பும்.

இதுவரை பேசியது மேல்துணியைப் பற்றி. சோபா உண்மையில் பழுதாவது அதற்குக் கீழே. ஒரு காலத்தில் இங்கே இருக்கைக்குள் தென்னந்தும்பு இருந்தது, அல்லது பிரம்பு பின்னிய கதிரையில் உள்ளே ஒன்றுமே இல்லை. சாய்மனைக் கதிரையில் தேத்தண்ணி சிந்தினால் பின்னலின் ஓட்டை வழியாகத் தரைக்குப் போகும், ஒரு துடைப்போடு விஷயம் முடியும். இன்றைய சோபாவுக்குள் இருப்பது பொலியூரித்தேன் நுரை. ஓட்டோ பேயரின் குழு 1937இல் ஜெர்மனியின் லெவர்குசனில் பொலியூரித்தேனைக் கண்டது. அதிலிருந்து மெத்தை நுரை பரவலானது 1950களில். அதன் நுண்ணறைகள் ஒன்றோடொன்று திறந்திருக்கும். உட்கார்ந்தால் காற்று வெளியேறி அமுங்க வேண்டுமே. அதே வழியாக நீரும் போகும். அரைக் கோப்பை தேத்தண்ணி நுரைக்குள் இறங்கினால் மேல்துணி ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும், நுரையின் நடுப்பகுதி நாட்கணக்கில் ஈரமாக இருக்கும்.

கண்டிச் சுற்றுவட்டாரத்தில் இது சின்ன விஷயமல்ல. இரவில் காற்றின் ஈரப்பதன் 80 சதவீதத்தைத் தாண்டுவது இங்கே சாதாரணம். பூஞ்சணத்துக்கு அதுவே போதும். சீனியும் பாலும் சேர்ந்த நுரை அதற்கு விருந்து. மழைக்காலத்தில் மூடிய வீட்டுக்குள் நுழைந்ததும் வரும் அந்த மக்கிய வாடையின் பிறப்பிடம் பல வீடுகளில் சோபாதான். என்னைக் கேட்டால் கறையைவிட இதுவே பெரிய நட்டம். கறை கண்ணுக்குத்தான் உறுத்தல், பூஞ்சணம் சளிக்காரருக்கும் ஆஸ்துமாக்காரருக்கும் மூச்சில் உறுத்தல்.

இந்த இடத்தில் ஒரு வழக்கத்தைச் சொல்லாமல் போக முடியாது. புதிதாக வாங்கிய சோபாவின் பொலித்தீனைக் கழற்றாமல் வருடக்கணக்கில் வைத்திருப்பது. தேத்தண்ணிக்கு எதிராக இதைவிட உறுதியான அரண் இல்லைதான். ஆனால் பொலித்தீனுக்குக் கீழே போன ஈரம் வெளியே வர வழியில்லை. பகலில் உட்கார்ந்தவரின் உடல்சூட்டில் ஆவி கிளம்பி, இரவுக் குளிரில் பொலித்தீனின் உட்புறம் வியர்க்கும். காக்கப் போட்ட உறையே பூஞ்சணத்தை வளர்க்கும். விருந்தாளி வழுக்கி விழாமல் உட்கார வேண்டிய அவஸ்தையை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

நீர் ஒட்டாமலும் இருக்க வேண்டும், ஆவி போகவும் வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துச் செய்திருக்கும் பொருள் கெலிஓயாவின் வயல் வரம்பிலேயே வளர்கிறது. மழைக்குப் பிறகு சேம்பு இலையைப் பார்த்தால் நீர் முத்து முத்தாக நிற்கும், இலையைச் சாய்த்தால் ஓடிவிடும். தாமரை இலைத் தண்ணீர் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தோம். ஜெர்மனியின் பொன் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லொட் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் தாமரை இலையைப் பார்த்தபோது அது மழமழப்பாக இல்லை, கரடுமுரடாக இருந்தது. எங்கும் நுண்ணிய மேடுகள், ஒவ்வொரு மேட்டின் மேலும் அதைவிட நுண்ணிய மெழுகுக் குழல்கள். நீர்த்துளி மெழுகு முனைகளில் மட்டும் தொட்டு நிற்கிறது, அடியில் இருப்பது காற்று. உருளும் துளி தூசியையும் வாரிக்கொண்டு போகிறது. கிறிஸ்டோப் நைன்ஹுயிஸுடன் சேர்ந்து அவர் இதை 1997இல் விரிவாக எழுதினார். கோப்பித் துளியின் வளையத்துக்கு விளக்கம் கிடைத்த அதே வருடம்.

ஆனால் தாமரை இலை எண்ணெயிடம் தோற்றுவிடும். மெழுகின் மேல் எண்ணெய் பரவும். எண்ணெயின் இழுவிசை நீரினதில் பாதிக்கும் குறைவு. அதையும் துளியாக நிறுத்த வேண்டுமானால் மெழுகைவிட ‘வெறுப்பான’ மேற்பரப்பு வேண்டும். இயற்கை அப்படியொன்றைத் துணிக்குத் தரவில்லை. மனிதன் செய்தான், அதுவும் தற்செயலாக. 1953இல் அமெரிக்காவின் 3எம் நிறுவன ஆய்வுகூடத்தில், விமானங்களுக்கான இறப்பர் தொடர்பாகச் செய்த ஒரு புளோரீன் சேர்மம் உதவியாளர் ஒருவரின் கன்வஸ் சப்பாத்தில் சிந்தியது. நீர், சவர்க்காரம், மதுசாரம் எதுவும் அதை எடுக்கவில்லை. நாள் போகப் போகச் சப்பாத்து முழுவதும் அழுக்காகி, சிந்திய இடம் மட்டும் சுத்தமாக இருந்தது. பட்ஸி ஷெர்மனும் சாமுவேல் ஸ்மித்தும் அந்தத் தடயத்தைப் பிடித்துக்கொண்டு போனார்கள். 1956இல் ஸ்கொட்ச்கார்ட் சந்தைக்கு வந்தது. சோபாவில் தெளித்தால் தேத்தண்ணியும் துளியாக நிற்கும், கறி எண்ணெயும் துளியாக நிற்கும். துணியின் துளைகள் அடைபடாததால் ஆவியும் போகும்.

இவ்வளவுக்கும் காரணம் காபனுக்கும் புளோரீனுக்கும் இடையிலான பிணைப்பு. காபன் தன்னோடு சேர்த்துக்கொள்ளும் பிணைப்புகளில் மிக வலிமையானவற்றுள் ஒன்று. கறையை விரட்டும் அந்த வலிமையே வினையாகவும் முடிந்தது. சூரியன், பற்றீரியா, நம் ஈரல், எதுவும் அதை இலேசில் உடைக்காது. பிஃபாஸ் என்று பொதுவாகச் சொல்லும் இந்தப் பெருங்குடும்பத்தில் ஸ்கொட்ச்கார்ட்டோடு தொடர்புடையது பிஃபோஸ். மனித இரத்தத்தில் அது பரவலாகக் காணப்பட்டதால் 3எம் 2000இல் அதன் உற்பத்தியைக் கைவிடுவதாக அறிவித்தது. நிலைத்து நிற்கும் நச்சு இரசாயனங்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் 2009இல் பிஃபோஸ் சேர்ந்தது, 2019இல் அதே குடும்பத்தின் பிஃபோவா, 2022இல் இன்னொன்று. இலங்கை அந்த உடன்படிக்கையை 2005இல் ஏற்றுக்கொண்ட நாடு.

அதே 2005இல் ஜப்பானிய, இலங்கை விஞ்ஞானிகள் சேர்ந்து செய்த ஓர் ஆய்வு வெளிவந்தது. கொழும்பு நகரவாசிகளிடமும், தலவாக்கலை, ஹல்துமுல்ல பகுதித் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பரிசோதித்த எல்லோருடைய இரத்தத்திலும் பிஃபோஸ் இருந்தது. லயத்து அறையில் தெளிப்பான் அடித்த சோபா இருந்திருக்க வாய்ப்புக் குறைவு. பிஃபோஸ் சோபாவிலிருந்து மட்டும் வருவதல்ல. தீயணைப்பு நுரை, உணவு சுற்றும் காகிதம், உலோக முலாம் பூசும் தொழில் என்று பல வழிகள் உண்டு. 2022இல் ஸ்டொக்ஹோம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உலகின் பல மூலைகளில், அந்தாட்டிக்காவிலும் திபெத்திலும்கூட, மழைநீரில் உள்ள இந்த இரசாயனங்கள் அமெரிக்காவின் குடிநீர் வழிகாட்டல் அளவைத் தாண்டுவதாகக் காட்டினார்கள். கறை பிடித்தால் ஒரு சோபா பாழ். கறை பிடிக்காமல் இருக்கக் கண்ட மருந்து மழையிலேயே கலந்துவிட்டது. இந்தப் பேரம் எனக்குச் சரியாகப் படவில்லை. 3எம் பிஃபாஸ் உற்பத்தி முழுவதையும் 2025 முடிவுக்குள் நிறுத்துவதாக 2022 டிசம்பரில் அறிவித்தது.

புளோரீன் இல்லாத தெளிப்பான்கள் இன்று கிடைக்கின்றன. சிலிக்கோன், மெழுகு போன்றவற்றால் ஆனவை. அவை தாமரை இலையின் ரகம்: தேத்தண்ணிக்குக் காவல், கறி எண்ணெய்க்கு இல்லை. போத்தலில் எல்லாக் கறைக்கும் என்று எழுதியிருந்தால் இரண்டு தடவை யோசியுங்கள். அடிப்பதற்கு முன் சோபாவின் அடியில் கண்ணுக்குப் படாத ஓரத்தில் அடித்து, காய்ந்த பிறகு நிறம் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தாலும் உட்கார்ந்து எழும்ப எழும்ப அது தேய்ந்து போகும்.

இந்தத் தெளிப்பான்கள் வருவதற்கு நூறு வருடத்துக்கு மேல் முன்பே இங்கிலாந்து வீட்டுக்காரிகளுக்கு இதே தலைவலி இருந்தது, அதில் நம் பக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 19ஆம் நூற்றாண்டு ஆண்கள் தலைக்கு மக்காசர் எண்ணெயைப் பூசிக்கொண்டு கதிரையில் சாய்ந்தார்கள். அதில் தேங்காயெண்ணெய் சேர்ந்திருந்தது. கதிரையின் முதுகெல்லாம் எண்ணெய்க் கறை. அவர்கள் இரசாயனம் தேடவில்லை. பின்னல் துணி ஒன்றைக் கதிரையின் தலைமாட்டில் போட்டு, அழுக்கானால் எடுத்துத் துவைத்தார்கள். நம் வீடுகளிலும் குரோஷே பின்னிய துண்டு கதிரை முதுகில் தொங்கியது அழகுக்கு மட்டுமல்ல. தேங்காயெண்ணெய் இன்றும் அதே இடத்தைத்தான் தாக்குகிறது. ரெக்சின் சோபாவைக் கவனித்துப் பாருங்கள், முதலில் வெடிப்பது தலை சாயும் இடமும் கை வைக்கும் இடமும். ரெக்சினை இளக்கமாக வைத்திருக்கும் பொருளை எண்ணெயும் வியர்வையும் மெல்ல மெல்ல வெளியே இழுத்துவிடுகின்றன. தேத்தண்ணிக்கு அசையாத ரெக்சின் தலையெண்ணெய்க்குத் தோற்கிறது.

நான் உறையின் கட்சி. இருக்கைக்கும் முதுகுக்கும் தனித்தனியே கழற்றித் துவைக்கக்கூடிய பருத்தி உறை, அதற்கும் நுரைக்கும் இடையில், இருக்கையில் மட்டும், நீர் இறங்காத ஒரு மெல்லிய அடுக்கு. பிள்ளைகளின் மெத்தைக்குப் போடும் நீர்புகா விரிப்பையே வெட்டித் தைக்கலாம். அந்த அடுக்கு முழு நுரையையும் சுற்றி மூடக் கூடாது. மேலே மட்டும் இருந்து பக்கமும் அடியும் திறந்திருந்தால் ஈரம் வெளியேற வழி இருக்கும். உறை தைக்கும் முன் துணியை ஒருமுறை நனைத்துக் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே சுருங்கிக் குஷனுக்குள் போகாது. ஒக்டோபர், நவம்பரில் கண்டிப் பக்கம் காலை வெளித்திருக்கும், பின்னேரம் இடியோடு மழை கொட்டும். குஷன்களைக் காயவைப்பதென்றால் பத்து மணிக்கு வெளியே போட்டு இரண்டு மணிக்கு முன் உள்ளே எடுத்துவிட வேண்டும்.

குஷன் கடையில் புதிதாகச் செய்யக் கொடுக்கும்போது மூன்று விஷயம் கேளுங்கள். குஷனுக்குச் சிப் வைக்கச் சொல்லுங்கள். பலர் காசு மிச்சம் பிடிக்கத் தைத்து மூடிவிடுகிறார்கள். அடிப்பலகையில் காற்றுப் போக இடைவெளி விடச் சொல்லுங்கள். அதே துணியில் ஒரு மீற்றர் கூடுதலாக வாங்கி அல்மாரியில் வையுங்கள். ஐந்து வருடம் கழித்து அந்த நிறம் கடையில் இருக்காது.